நான்காம் எண்ணில் மட்டும் ஓடிய விசிறி

முற்றிலும் நின்றுபோன பொருளை நாம் உடனே பழுதுபார்க்கிறோம். அரைகுறையாய் ஓடும் பொருளையோ, ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். இதை நமக்கு உணர்த்தியது நூலும் அன்று, சொற்பொழிவும் அன்று. நமது பங்கு வண்டியின் குளிர்சாதனத்தில் காற்றைத் தள்ளும் சிறிய மின்விசிறியே. பட்டறைக்காரர்கள் அதை ‘புளோயர்’ என்பர்.

ஜவ்வாது மலையில் குளிர்சாதனம் எதற்கு என்று வாசகர் வினவலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மாலை கவிந்ததும் போர்வை தேடும் மலை இது. ஆகவே விசிறியின் நான்கு வேகங்களுள் முதல் மூன்றும் ஒருநாள் செயலிழந்து, நான்காவது மட்டும் இரைச்சலோடு ஓடியபோது நாம் கவலைப்படவில்லை. சமவெளிக்கு இறங்கும் நாள்களுக்கு நான்காம் எண் போதுமே என்று ஆறு மாதங்களைக் கழித்தோம்.

கார்த்திகை மாதத்து அடைமழை இரவொன்றில், ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் இளைஞர் ஒருவர் நம் வாசலில் வந்து நின்றார். மனைவிக்குத் தலைப்பிரசவம், வலி கண்டு நெடுநேரம் ஆகிவிட்டது, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்படி செவிலியர் சொல்லிவிட்டார், ஆம்புலன்ஸோ வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. அவ்விருவரையும், பெண்ணின் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போளூர்ப் பாதையில் இறங்கினோம்.

நால்வரின் மூச்சும், நனைந்த துணிகளின் ஈரமும் மூடிய வண்டிக்குள் நிறைந்தன. முன்கண்ணாடியில் வெண்படலம் படர்ந்தது. விசிறியை நான்காம் எண்ணுக்குத் திருப்பினோம். அது சற்றே முனகியது. பின்னர் நின்றே போயிற்று.

“சாமி, கண்ணாடியெல்லாம் பொகையா இருக்குதே, வழி தெரியுதா?” என்றார் அந்த அம்மையார்.

“தெரியுதும்மா” என்றோம். அது உண்மையன்று.

குளிர்ந்த கண்ணாடியின்மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று படும்போது அதிலுள்ள நீராவி நுண்துளிகளாய்ப் படிகிறது. குளிர்சாதனம் வெறும் குளிரை மட்டும் தருவதில்லை. அதன் குளிர்ச்சுருளில் காற்றின் ஈரம் படிந்து, நீராக வடிந்து வெளியேறுகிறது. அவ்வாறு உலர்ந்த காற்றைக் கண்ணாடிமீது வீசுவது புளோயரின் வேலை. அது நின்றால் மற்றவை யாவும் இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் குளிர்சாதனத்தை அறிமுகம் செய்தபோது, இருக்கையில் அமர்ந்தபடி அதைக் கட்டுப்படுத்த இருந்த ஒரே வழி இந்த விசிறியின் விசைதான். நாம் ஆடம்பரம் என்று ஒதுக்கிய அச்சிறு விசிறியே மலைப்பாதையில், மழையிரவில், ஓட்டுபவனின் கண்ணாக இருந்தது.

சன்னல்களைத் திறந்தோம், மழை உள்ளே அடித்தது. இளைஞர் முன்னிருக்கையில் சாய்ந்து தம் துண்டினால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் மீண்டும் மங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி, வழி பார்த்து, நகர்ந்தோம். பின்னால் அந்தப் பெண்ணின் முனகல் ஓயவில்லை. வழக்கமான நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் சென்று மருத்துவமனையை அடைந்தோம். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். எனினும், அந்தத் தாமதத்தில் நேராதது நமது திறமையால் தவிர்க்கப்பட்டதன்று என்பதை நாம் அறிவோம்.

மறுநாள் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் அவசரப்பட்டு எதையும் கழற்றவில்லை. முதலில் பியூஸைப் பார்த்தார். பச்சை நிறத்து 30 ஆம்பியர் பியூஸ், உருகியிருந்தது. அதே அளவில் புதியதைச் செருகினார். விசிறி தடுமாறிச் சுழன்றது; சில நிமிடங்களில் அந்த பியூஸும் போயிற்று.

“தம்பி, இதைவிடப் பெரிசா ஒண்ணு போட்டுப் பாரேன்” என்றோம்.

“அப்படிப் போட்டா பியூஸ் எரியாது ஃபாதர், ஒயர்தான் எரியும்” என்றார்.

பின்னர், இடப்பக்க இருக்கையின் முன்னுள்ள சிறு பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, திருகாணிகளைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்தார். உள்ளே ஓர் எலிக்கூடு! காய்ந்த புளிய இலை, சாமை வைக்கோல், கந்தல் துணி. விசிறியின் இதழ்களுக்கிடையில் அவை சிக்கிச் சுழற்சியைத் தடுத்திருந்தன. தடைபட்ட மோட்டார் மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும், பியூஸ் உருகும். குப்பையை அகற்றியதும் விசிறி கைவிரலுக்கே எளிதாகச் சுழன்றது; புதிய பியூஸும் நிலைத்தது. ஆயினும், ஓடியது நான்காம் எண் மட்டுமே.

அதற்கும் அவரே விடை கண்டார். கீழ் வேகங்களுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியே குறைக்கப்படுகிறது. உச்ச வேகத்திற்கு அது தேவையில்லை. மின்சாரம் நேராகச் செல்கிறது. ஆகவே, உச்ச வேகம் மட்டும் ஓடினால் முதலில் ஐயுற வேண்டியது ரெசிஸ்டரையே. அதன் சூட்டைத் தணிப்பதும் இவ்விசிறியின் காற்றுதான். எலிக்கூடு காற்றின் வழியை அடைக்க, ரெசிஸ்டர் சூடேறிக் கருகிவிட்டது. அதாவது, ஆறு மாதங்களுக்கு முன்பே வண்டி நம்மிடம் பேசியது. “உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது” என்பதே அதன் பேச்சு. நாமோ, இன்னும் ஓடுகிற ஒரே வேகத்தின் இரைச்சலில் அதைக் கேளாதிருந்தோம்.

குருமடத்தில் ஒவ்வோர் இரவும் மனச்சான்றைச் சோதிக்க நம்மைப் பழக்கினார்கள். பெரும் குற்றங்களைத் தேடியே பழகிய நாம், அரைகுறையாய் ஓடிக்கொண்டிருப்பவற்றைக் கணக்கில் எடுத்ததில்லை. பதில் எழுதாத கடிதம், பாதியில் நிற்கும் சமரசம், உரத்துப் பேசினால் மட்டும் நகரும் இல்லறம்: இவையும் நான்காம் எண்ணில் ஓடும் விசிறிகளே. அவை நம் தேவைக்குப் போதுமானவையாகத் தோன்றலாம். ஆனால், மழை பெய்யும் இரவில் பின்னிருக்கையில் இருப்பவர் வேறொருவர்.

புதிய ரெசிஸ்டர் வந்துவிட்டது. இப்போது நான்கு எண்களும் ஓடுகின்றன. காற்று நுழையும் வாயில் கம்பிவலையும் பொருத்தியுள்ளோம். மாதம் ஒருமுறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் செவிசாய்க்கிறோம். ஓடுகிறதா என்று மட்டுமன்று. எப்படி ஓடுகிறது என்றும் கேட்கிறோம்.