கடிதம் வேண்டாம்

கம்போடியாவில் பல அரசுப் பள்ளிகள் இரண்டு வேளையாக நடக்கின்றன. காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம். மிச்ச அரை நாள் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பது வீட்டு நிலைமையைப் பொறுத்தது. நோம்பென் நகரின் ஸ்டுங் மீன்சே பகுதியில் வெகுகாலம் அவர்கள் குப்பைமேட்டில் இருந்தார்கள். அந்த மேட்டை 2009இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் பாட்டிலும் தகரமும் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்காக வெளிநாட்டு நன்கொடையில் ஒரு சின்னப் பள்ளி நடக்கிறது. அரை நாள் பாடம், ஒரு வேளைச் சாப்பாடு.

நான் சிங்கப்பூரில் முதுகலை படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவன். ஒரு வங்கியின் மென்பொருள் வேலைக்காக மூன்று மாதம் நோம்பென்னில் இருக்க நேர்ந்தது. கூட வேலை பார்த்த கெமர் நண்பர் சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுப்பார். "ஆள் போதவில்லை, நீங்களும் வாருங்கள்" என்றார். போனேன்.

நாங்கள் நுழைந்ததும் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் நன்றிப் பாட்டு ஒன்று பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் பாடிக்கொண்டே சமையற்கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாட்டு முடிந்தால்தான் தட்டு வரும். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

காரணம் உண்டு. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்தவன் நான். தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அப்போது நான் நாலாம் வகுப்பு. முட்டை போடும் நாளில் ஒருவனும் மட்டம் போட மாட்டான். குழம்பு தண்ணியாக இருந்தால் ஆயாவிடம் சண்டை பிடிப்போம். முதலமைச்சர் படம் சுவரில் இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அதைப் பார்த்து யாரும் எங்களைப் பாடச் சொல்லவில்லை. நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்க ஒருவரும் விமானம் ஏறி வரவுமில்லை. பசித்தது, தட்டை நீட்டினோம், சோறு விழுந்தது. குறை சொல்லிக்கொண்டே சாப்பிடும் அந்தத் தைரியம் எவ்வளவு பெரிய சொத்து என்பது நோம்பென்னில்தான் புரிந்தது.

தலைமையாசிரியையிடம் பாட்டைப் பற்றிக் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார்.

"எனக்கும் அது பிடிக்காது. ஆனால் வந்து பார்த்தவர்கள்தான் அடுத்த வருடமும் பணம் அனுப்புகிறார்கள். பாட்டை நிறுத்தினால் அரிசி நின்றுவிடுமோ என்று பயம்."

அவருடைய அப்பாவும் ஆசிரியர். கெமர் ரூஜ் ஆண்ட 1975 முதல் 1979 வரையான காலத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அந்த நாலு வருடத்தில் பள்ளிகளை மூடினார்கள், படித்தவர்களைத் தேடிக் கொன்றார்கள். நகரத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றைச் சிறையாக்கினார்கள். துவோல் ஸ்லெங் என்ற அந்த இடம் இன்று அருங்காட்சியகம். ஒரு நாட்டின் பள்ளிக்கூடத்தையே வேரோடு பிடுங்கிப் போட்ட பிறகு, "இதை அரசு அல்லவா தரவேண்டும்" என்று நான் சொல்வது எளிது. அரசு தரும்வரை பிள்ளைக்குப் பசிக்காமல் இருக்குமா?

பிறகு அலமாரியைத் திறந்து காட்டினார். பிள்ளைக்கு ஒரு கோப்பு. ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டில் ஒரு புரவலர். வருடத்துக்கு இரண்டு கடிதம், ஒரு படம். பிள்ளை கெமரில் சொல்ல, ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதி, பிள்ளை அதைப் பார்த்து எழுதவேண்டும். சனிக்கிழமை மதியம் முழுக்க இதற்கே போகிறது. கணக்குப் பாடம் நடக்கவேண்டிய மதியம்.

மிச்சமிருந்த சனிக்கிழமைகளில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வருகைப்பதிவு, மதிப்பெண், சமைத்த அரிசி எல்லாம் ஒரே இடத்தில் ஏறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் புரவலர்களுக்கும் ஒரே அறிக்கையாகப் போகும்படி எழுதிக்கொடுத்தேன். புரவலர் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம்: கடிதம் வேண்டாம்.

சிங்கப்பூர் திரும்பியதும் நாலு குடும்பமாகச் சேர்ந்து பணம் அனுப்ப ஆரம்பித்தோம். "நம்ம பிள்ளை யாருன்னு தெரிஞ்சா நல்லாயிருக்குமே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டான். அந்த ஆசையில் தப்பில்லை. கொடுத்த கைக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. ஆனால் அந்த முகத்துக்கு விலையாக ஒரு பிள்ளையின் சனிக்கிழமை போகிறது என்றேன். அவனும் கட்டத்தில் குறியிடச் சொல்லிவிட்டான்.

பட்டியலில் இதுவரை பதினொரு பேர் அப்படிக் குறித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு கடிதம் குறைந்திருக்கிறது; மாதத்தில் ஒரு சனிக்கிழமை கணக்குப் பாடம் நடக்கிறதாம். பாட்டு இன்னும் இருக்கிறது. இந்த இதழைப் படிக்கும் நம்மில் பலர் எங்கோ ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறோம். அடுத்த முறை அனுப்பும்போது, எனக்குக் கடிதம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதிப்பாருங்கள்.