பதினேழு தோட்டாக்கள்

பழைய மேக்னம் ரைஃபிளை விற்கிறவர் கூடவே ஒரு பெட்டித் தோட்டாவையும் சும்மா கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு 20 தோட்டா. 17 மிச்சம் இருந்தால் அந்தத் துப்பாக்கியின் கதை பெரும்பாலும் தெரிந்துவிட்டது. மூன்று முறை சுட்டிருக்கிறார். நான்காவது முறை சுட மனசு வரவில்லை.

நான் வசிக்கும் மொன்டானாவில் அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். எங்கள் டீமில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்கள். ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து வளர்ந்த, ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த நம்மைப் போன்றவர்களுக்கு, சட்டப்படி உரிமம் வாங்கி, இறைச்சிக்காக வேட்டைக்குப் போகும் ஒரு சமூகத்துக்குள் வாழ்வது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும். சிலருக்கு ஆசையும் வந்துவிடும்.

ஈரோட்டுக்காரத் தம்பி ஒருவன் அப்படித்தான். கிரீன் கார்டு வந்த வருடமே .30-06 ரைஃபிள் ஒன்றை வாங்கி இரண்டு எல்க்கும் அடித்துவிட்டான். போன வருடம் மலையில் ஒரு கரடியைத் தூரத்தில் பார்த்ததிலிருந்து, "இதைவிடப் பெருசா ஒண்ணு வேணுங்கண்ணா" என்று ஆரம்பித்தான். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வின்செஸ்டர் மாடல் 70 விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். .338 வின்செஸ்டர் மேக்னம். 1958-இல் வந்த தோட்டா, எல்க்கிலிருந்து அலாஸ்கா கரடி வரை பேர் வாங்கியது.

பார்ப்பதற்கு முன் கொஞ்சம் கணக்கு. எல்லாம் பள்ளியில் படித்த உந்த மாறா விதிதான். குண்டும் வாயுவும் முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே அளவு ரைஃபிள் பின்னால் வரும். .30-06 தோளில் கொடுக்கும் உதை ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. .338 மேக்னம் 33 பக்கம் போகும், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 40-ஐத் தொடும். நாலு கிலோ ரைஃபிள் நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பின்வாங்குகிறது. நாலு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தோளில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. அந்த அடி தோளுக்கு மட்டுமல்ல, துப்பாக்கியின் ஒவ்வொரு மரையாணிக்கும் விழுகிறது. சோதனையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தேன். பிறகு மரக்கட்டை. உதை முழுவதையும் வாங்கிக் கட்டைக்குக் கடத்துவது அடியிலுள்ள ஒரு சிறிய இரும்புப் பல். அது கட்டையில் சரியாகப் பொருந்தாவிட்டால், உலோகம் பின்னால் நகர்ந்து நகர்ந்து மரத்தைப் பிளக்கும். விரிசல் முதலில் தெரியும் இடம் போல்ட்டுக்குப் பின்னால், கை பிடிக்கும் மெலிந்த பகுதி. இன்னொன்று கட்டையைக் கழற்றினால்தான் தெரியும்: மேகசினுக்கும் ட்ரிகருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மரச்சுவர். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் விரிசல் இருக்கும் இடத்தில் மெல்லிய கோடாக எண்ணெய் கசியும். பெரியவர் தானே ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்தார். கோடு எதுவும் இல்லை.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களில் சறுக்கிய தடம் இருக்கிறதா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் போதுமான இடைவெளி இல்லையென்றால் புருவத்தில் பிறை வடிவில் வெட்டு விழும். பின்பக்க ரப்பர் மெத்தை பல துப்பாக்கிகளில் வயதாகிக் கல்லாகியிருக்கும். அதை மாற்றுவது சுலபம். குழலுக்குள் விளக்கடித்தேன். வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தடம் இல்லை. போலித் தோட்டா நாலு போட்டு போல்ட்டை வேகமாகவும் மெதுவாகவும் இழுத்தேன், எதுவும் சிக்கவில்லை. சுட்ட கூடுகள் மூன்றை அவர் வைத்திருந்தார். அடிப்பட்டைக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் பித்தளை நீண்டு பிளக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்குதுங்களாண்ணா?"

"துப்பாக்கி சரியா இருக்குப்பா" என்றேன்.

பழைய கார் தேய்ந்து விற்பனைக்கு வரும். பெரிய மேக்னம் பெரும்பாலும் தேயாமலேயே வரும். அதனால் உலோகத்தை மட்டும் சோதித்தால் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது. மிச்சப் பாதி வாங்குகிறவனின் உடம்பு. இரண்டு மூன்று உதை வாங்கியதும், அடுத்தது எப்போது வரும் என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. ட்ரிகர் விழுவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் இறங்கும். சுடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது, வெடிச் சத்தமும் உதையும் அதை மறைத்துவிடும். 200 மீட்டரில் நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றுக்குப் போகும். வயிற்றில் அடிபட்ட எல்க் உடனே விழாது. அடர்ந்த காட்டுக்குள் நடந்துபோய், மணிக்கணக்கில் வலித்து, யாருக்கும் கிடைக்காமல் சாகும். கரடியென்றால் வலிப்பது அதற்கு மட்டுமாக இருக்காது.

பெரிய தோட்டா இந்தத் தவறை மன்னித்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றவர், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் போன்ற சிறு தோட்டாக்களால். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். அந்தக் கொலைக் கணக்கை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆனால் குண்டு எங்கே போகிறது என்பதுதான் விஷயம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பெரியவரிடம் கேட்டு மூவரும் ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்குப் போனோம். காதடைப்பான் மாட்டி, மணல் மூட்டை மேல் ரைஃபிளை வைத்து, தம்பியை வேறு பக்கம் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நானே தோட்டா போட்டு போல்ட்டை மூடினேன். நிஜமா போலியா என்று அவனுக்குத் தெரியாது.

முதல் இரண்டும் நிஜம். இரண்டாவதற்குப் பிறகு தோளைத் தடவிக்கொண்டு சிரித்தான். மூன்றாவது போலி. 'டிக்' என்ற சத்தம் மட்டும். குழல் நுனி இரண்டு விரற்கடை கீழே குத்தியது. சுடாத துப்பாக்கி அவன் கையில் தானே துள்ளியது. மூவருமே பார்த்தோம்.

பிறகு அவனுடைய .30-06-ஐ எடுத்து இதே சோதனை. போலித் தோட்டாவுக்கு ட்ரிகர் விழுந்தபோது குழல் ஆணி அடித்ததுபோல நின்றது.

பெரியவருக்கு வியாபாரம் போன வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அலாஸ்காவுக்குப் போவதாக நினைத்து வாங்கினாராம், போகவேயில்லையாம். "எனக்கும் அப்படித்தான் ஆட்டும்" என்று சொல்லிவிட்டு ரைஃபிளைத் துடைத்து உறையில் போட்டார்.

பயிற்சியால் இதைச் சரிசெய்யலாம். சிறிய தோட்டாவில் தொடங்கி, போலிகளைக் கலந்து கலந்து, மாதக்கணக்கில் சுட வேண்டும். குழல் வாயில் பிரேக் பொருத்தினால் உதை குறையும், காதுக்குத்தான் கேடு. தம்பி இரண்டையும் யோசித்தான். திரும்பி வரும் வழியில் ரொம்ப நேரம் பேசவில்லை. "நான் பயப்படலைங்கண்ணா" என்றான் கடைசியில். "கைதான் பயப்பட்டுருக்குது."

அந்த மேக்னத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் .30-06 தோட்டா பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பருவம் தொடங்கும்வரை வாரா வாரம் சுட்டான். கரடிக்கு இடுப்பில் மிளகாய் ஸ்பிரே ஒன்று மாட்டிக்கொண்டான்.