பாவம்டா, அவன்

தீர்த்தமலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். அரூர் வட்டத்திலுள்ள அந்த மலைக்குச் சிறு வயதில் அம்மாவோடு பலமுறை சென்றிருக்கிறேன். சென்ற மாதம் ஒருவழியாக எழுதி முடித்தேன். நடை கரடுமுரடாகத் தோன்றவே, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்துச் செப்பம் செய்யச் சொன்னேன். (இதே காரியத்தைச் செய்த மாணவர் ஒருவரின் கட்டுரையை அதற்கு முந்தைய வாரம்தான் கண்டித்துத் திருப்பித் தந்திருந்தேன்.)

சில நொடிகளில் வந்துவிட்டது. ஒற்றுப்பிழைகூட இல்லை. முதல் வாசிப்பில் மகிழ்ந்தேன் என்பதே உண்மை. இரண்டாம் வாசிப்பில்தான் உறுத்தியது. பாறையிலிருந்து நூலாக விழும் இராமர் தீர்த்தம், 'எழில் கொஞ்சும் புனித அருவி' ஆகியிருந்தது. கேவுருக் களி கொண்டுபோன போசி 'உணவுப் பாத்திரம்' ஆயிற்று.

இவற்றையாவது பொறுக்கலாம். வழிபாட்டுக்குக் காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினான் இராமன். அவன் வரத் தாமதமாகவே மலையில் அம்பெய்து நீரை வரவழைத்தான். பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் அனுமந்த தீர்த்தமாயிற்று. இது தலத்தின் கதை. அம்மா இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "பாவம்டா, அவ்ளோ தூரம் போயிட்டு வந்தவன்" என்பாள். இராமனைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த வரியைச் செயலி நீக்கிவிட்டு, 'பக்தியின் மேன்மையை உணர்த்தும் நிகழ்வு' என்று எழுதியிருந்தது.

ஒரு சொல்லுக்குப் பின் பெரும்பாலும் எச்சொல் வருமோ அதைக் கணித்துத் தருவது இதன் இயல்பு. தலங்களைப் பற்றி இணையத்தில் மிகுதியாகக் கிடப்பது சுற்றுலாக் குறிப்புகளின் தமிழ். அம்மாவின் பேச்சு அங்கே ஏது? 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக வெளியிட்டார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். பொதுத்தமிழ் கழித்துவிட்ட சொற்களைத் தேடியெடுக்க அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது. நானோ கையிலிருந்ததையே கொடுத்துவிட்டு வந்தேன்.

நிற்க. செப்பம் செய்யச் சொன்னவன் நான்தான். கருவியை நோவதில் பயனில்லை. பழைய படியையே மீண்டும் கொடுத்து, 'ஒரு சொல்லையும் மாற்றாதே, விளங்காத இடங்களைக் கேள்வியாக மட்டும் கேள்' என்றேன். ஒன்பது கேள்விகள் வந்தன. பெரும்பாலானவை சப்பென்றிருந்தன. ஒன்று மட்டும் தூங்கவிடவில்லை: 'உங்கள் அம்மா மேலேறித் தீர்த்தமாடியதாக எழுதியிருக்கிறீர்கள்; பிறகு மூட்டுவலியால் அடிவாரக் கோயிலில் அமர்ந்திருந்தார் என்கிறீர்கள். எது நடந்தது?'

இரண்டும் நடந்தவை, வெவ்வேறு ஆண்டுகளில். அவளோடு சென்ற கடைசிப் பயணத்தில் அவள் ஏறவில்லை. அதை எழுத மனமின்றி, பழைய பயணத்தோடு கலந்து மறைத்திருக்கிறேன். அன்று நான் மட்டும் ஏறி, போசியைக் கழுவித் தீர்த்தம் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மிகவும் பிந்திவிட்டது.

அப்போதும் அவள் "பாவம்டா" என்றாள் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அவள் கேட்டது, "மூடி எங்கடா?" என்றுதான். மூடியை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பத்தியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.