பெயரைக் கேட்டு ஒரு மடல்

சொந்தமாக ஓர் இணையத்தளப் பெயர் வைத்திருப்பவருக்கு என்றேனும் ஒருநாள் அந்த மடல் வந்தே தீரும். உங்கள் பெயரை டாட் சிஎன், டாட் ஆசியா என்ற விகுதிகளோடு பதிய ஒரு நிறுவனம் எங்களிடம் விண்ணப்பித்திருக்கிறது; ஆட்சேபம் இருந்தால் ஏழு நாள்களுக்குள் தெரிவிக்கவும் என்றிருக்கும். அனுப்புகிறவர் தம்மைச் சீனாவிலுள்ள பதிவாளர் என்று சொல்லிக்கொள்வார். விண்ணப்பித்த நிறுவனம் என்று ஒன்று இருப்பதில்லை. பதறிப் பதில் எழுதினால், நமக்குத் தேவையே இல்லாத அந்தப் பெயர்களை நம் தலையிலேயே கொழுத்த விலைக்குக் கட்டுவார்.

குடவாசலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சென்ற தை மாதம் இது வந்தது. பழைய சிற்றிதழ்ப் பக்கங்களை ஸ்கேன் செய்து தம் செலவில் ஒரு தளத்தில் சேர்த்து வைத்திருப்பவர். "தம்பி, சீனாவுல எவனோ நம்ம பேரக் கேக்குறானாமே?" தொலைபேசியில் குரல் நடுங்கியது. பக்கத்து வயல்காரர் நம் வரப்பையும் சேர்த்துப் பட்டாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டவரின் பதற்றம் அது. லாட்டரி விழுந்ததாக வரும் மடல்களைச் சிரித்துக்கொண்டே அழிப்பவர்தான் அவர். இந்த மடல் ஆசையைத் தூண்டவில்லை; இருப்பதும் போய்விடுமோ என்ற அச்சத்தைத் தொட்டது. (சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிருந்த குடவாயில்தான் இன்றைய குடவாசல் என்பர். அந்தப் பெயரைப் புதுப்பிக்க யாரும் ஆண்டுக் கட்டணம் கட்டியதில்லை!)

முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பெயர் பதிந்தவர்களின் விலாசம், தொலைபேசி எண், மின்னஞ்சல் யாவும் 'ஹூயிஸ்' என்ற பதிவேட்டில் பல ஆண்டுகள் எவரும் பார்க்கும்படி கிடந்தன. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே பெரும்பாலும் மறைக்கப்பட்டன. அதற்குள் திரட்ட வேண்டியவர்கள் திரட்டிவிட்டார்கள்.

பழைய வகை இன்னும் நயமானது. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில், பில் போலவே அச்சிட்ட புதுப்பித்தல் அறிவிப்புகள் தபாலில் போயின. பணம் கட்டியவர் தம்மையறியாமலே வேறு பதிவாளருக்கு மாறச் சம்மதித்தவரானார். 2003இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அதன்மீது வழக்குத் தொடர்ந்தது.

பணம் போவதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சீன மடலை அழித்துவிடச் சொன்னேன். மறுவாரம் உண்மையான பதிவாளரிடமிருந்து வந்த காலாவதி அறிவிப்பையும் ஆசிரியர் அழித்திருந்தார். "அதுவும் அந்தப் பயலுவதான் தம்பி." டாட் காம் பெயர் காலாவதியாகிப் பதிவாளரால் நீக்கப்பட்டால், அபராதம்போல் ஒரு தொகை கட்டி மீட்க 30 நாள் உண்டு. பிறகு 5 நாள். அதன்பின் அது யாருக்கும் கிடைக்கும். நான் முன்பு குறித்து வைத்திருந்த தமிழ்த்தள முகவரிகள் சிலவற்றில் இன்று சூதாட்ட விளம்பரங்கள் ஓடுகின்றன. அங்கிருந்த கதைகளும் கட்டுரைகளும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை.

மடல்களில் இருக்கும் சுட்டி எதையும் தொடாமல், பதிவாளரின் தளத்துக்கு நேரே போய்த் தேதியைப் பார்த்தோம். பங்குனி வரை அவகாசம் இருந்தது. அதிகம் போனால் பத்தாண்டுக்குச் சேர்த்துப் பதியலாம் என்றேன். ஆசிரியருக்கு வயது எழுபத்தெட்டு. "பத்துக்கும் கட்டிடு தம்பி" என்றார்.