கார் ஷெட்டுச் சுவருக்கு என்ன பலகை?

ஹாலுக்கு என்ன நிறம், சமையலறைக்கு என்ன டைல்ஸ் என்று வாரக்கணக்கில் யோசிக்கிற நாம், கார் ஷெட்டு என்று வந்துவிட்டால் மட்டும் "ஏதோ ஒண்ணு அடிச்சு விடுங்க" என்று ஆண்களிடமே விட்டுவிடுகிறோம். அது அவர்கள் புழங்கும் இடமாம்! ஆனால் அங்கே கிளம்புகிற தூசி அவர்கள் சட்டையில் ஏறி நம் துவைக்கிற கல்லுக்குத்தான் வந்து சேருகிறது. அப்பாவைத் தேடிக் குழந்தை தவழ்ந்து போகிற இடமும் அதுதான். அதனால் சகோதரிகளே, இதில் நாமும் கொஞ்சம் தலையிடலாம், தப்பில்லை.

கோவைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் மாமனார் அம்பாசடர் கார் வைத்திருந்த காலத்தில் கட்டின ஷெட்டு, 18 அடிக்கு 10 அடி. ஹாலோ பிளாக் சுவர்; உள்பக்கம் பூச்சுகூடக் கிடையாது. கார் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மில் வேலையை விட்டுவிட்டு என் கணவர் சொந்தமாக மோட்டார் காயில் கட்ட ஆரம்பித்ததும், அந்த ஷெட்டையே ஒர்க்‌ஷாப்பாக மாற்றுவது என்று முடிவாயிற்று. மிக்ஸி, டேபிள் ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் வரும். தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றுகிற வேலை. சுவரிலிருந்து மணல் பொடி உதிர்ந்து காயிலுக்குள் விழுந்தால் ஆயிற்றா? ஆணி அடித்தாலும் நிற்காது. மத்தியான வெயிலில் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். சரி, உள்பக்கம் பலகை அடித்துவிடலாம் என்றார்.

அப்போதுதான் உறவுக்காரர் ஒருவர், "எங்க பழைய குடோனைப் பிரிக்கிறோமுங்க. ஆஸ்பெஸ்டாஸ் தட்டை ஷீட்டு நெறைய சும்மா கெடக்குது, எடுத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். இவருக்கு ஒரே சந்தோஷம். பலகைச் செலவே மிச்சம் இல்லையா! நான் வேண்டவே வேண்டாம் என்றேன். என் மாமியார்கூட, "ஏங்கண்ணு, நம்ம மாட்டுக் கொட்டாய்க் கூரையே அந்த ஷீட்டுதான். நாங்க நல்லாத்தானே இருக்கறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் இதுதான். அந்த ஷீட்டில் சிமெண்டோடு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள் கலந்திருக்கின்றன. ஷீட்டு உடையாமல், உதிராமல், உயரத்தில் கிடக்கும்வரை அந்த நார்கள் அதிகம் வெளியே வருவதில்லை. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், நாள்பட்டு மேல்பக்கம் பொரிந்துபோனால் காற்றில் கலந்துவிடும். மூச்சோடு உள்ளே போன நார் கரைவதுமில்லை, முழுதாக வெளியே வருவதுமில்லை. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத் தலைகாட்டும். இன்றைக்கு நன்றாக இருப்பது ஒரு சாட்சியே இல்லை. நம் சுப்ரீம் கோர்ட் 1995ல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்றது. நாற்பது வருஷம் என்று ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு செய்தி. 1965ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இரண்டு பேர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மீசோதீலியோமா வந்த 76 பேரின் வாழ்க்கையை விசாரித்ததில், ஒன்பது பேர் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கே போனதில்லை. வேலைக்குப் போனவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான். புருஷனின் வேலைத் துணியை உதறித் துவைத்த பெண்கள் அதில் உண்டு. இதைப் படித்ததிலிருந்து கிரீஸ் சட்டையை உதறும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். இங்கிலாந்து 1999ல் ஆஸ்பெஸ்டாஸை அடியோடு தடை செய்துவிட்டது. நம் நாட்டில் வெளியிலிருந்து வரவழைத்து ஷீட்டு செய்வதற்குத் தடை இல்லை; கடையில் கிடைக்கிறது என்பதாலேயே வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை.

இவரிடம் கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அதை சைஸுக்கு அறுக்கணும், ஸ்க்ரூவுக்குத் துளை போடணும், ஸ்பேனர் மாட்ட மறுபடி துளை போடணும். எத்தனை துளைங்க?" கணக்குப் போட்டுப் பார்த்தவர் பேசாமல் இருந்துவிட்டார். மறுநாள் உறவுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஏற்கெனவே வீட்டில் அந்தக் கூரை இருப்பவர்கள் பதற வேண்டாம். துளை போடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், பெயிண்ட் அடித்து வையுங்கள். உடைந்த துண்டை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரத்தோடு எடுங்கள்.

இனி எந்தப் பலகை? அதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள் என்பேன். பாலிதீன் தாளில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டு வையுங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. தாளின் முன்பக்கம் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம்; ஜன்னல் வைத்தால் சரியாகிவிடும். எங்கள் மேற்குச் சுவரில் சாரல் நேராக அடிக்கும். தாளின் பின்பக்கம் நனைந்தே இருந்தது. ஓதச் சுவரைப் பலகை போட்டு மறைத்தால் ஈரம் போய்விடாது, உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா குழந்தை உள்ள வீட்டில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதனால் அந்தச் சுவருக்கு மட்டும் வெளியிலும் உள்ளேயும் நீர்புகாக் கலவை சேர்த்துச் சிமெண்டுப் பூச்சு, மேலே வெள்ளை. பலகையே கிடையாது. செலவும் குறைவு.

மற்ற சுவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை. பி.வி.சி. பேனல் பளபளவென்று இருக்கும், தண்ணீருக்கு அசையாது. ஆனால் சால்டரிங் சூட்டிலேயே உருகும், தீப்பிடித்தால் வருகிற புகை பொல்லாதது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தெர்மோகோல் ஒட்டலாம் என்றார் ஒருவர். வார்னிஷ் டப்பா இருக்கிற அறையில் தெர்மோகோலா? அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஜிப்சம் போர்டு பார்க்க அழகு, விலையும் மலிவு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் கட்டுண்ட நீர்தான். தீ பட்டால் அந்த நீர் ஆவியாகும்வரை பின்னால் சூடு ஏறாது. கெட்டிக்காரப் பலகை! ஆனால் வெளியிலிருந்து தண்ணீர் பட்டால் ஊறிப் பிசுபிசுத்துவிடும். சுத்தியல் மாட்ட ஸ்க்ரூ போட்டால் ஸ்க்ரூவே கையோடு வந்துவிடும். தையல் மெஷின் போடுகிற அறை என்றால் தாராளமாகப் போடலாம். சாமான் தொங்குகிற, இடிபடுகிற இடத்துக்கு ஆகாது.

பிளைவுட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம் என்பது பெரிய சௌகரியம். ஆசாரிகள் "நாலு நூல்" என்பார்களே, அந்த 12 மில்லி மீட்டர் கனம் போதும். ஐ.எஸ். 710 என்று ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சிட்டிருந்தால் அது தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட். விலை குறைந்த பலகையில் ஒரு வாடை வரும், கண் எரியும். ஒட்டுகிற பசையிலிருந்து கிளம்புகிற ஃபார்மால்டிஹைடு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. வாடை குறைந்த ரகமா, இ-0 அல்லது இ-1 என்று போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். புதுப் பலகை அடித்த அறையில் சில வாரமாவது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குழந்தையை விடுங்கள்.

சிமெண்டுப் பலகையில் இரண்டு வகை பார்த்தோம். சிமெண்டும் காகிதக்கூழ் போன்ற நாரும் சேர்ந்தது ஒன்று. சிமெண்டும் மரத்தூளும் சேர்த்து அழுத்தினது இன்னொன்று. பைசன் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டும் தீக்கு அஞ்சாது, கரையானுக்கும் பிடிக்காது. ஆனால் கனமோ கனம். எட்டுக்கு நாலு அடியில் நாலு நூல் பைசன் போர்டு ஒன்று சுமார் 45 கிலோ. இரண்டு ஆள் இல்லாமல் தூக்கக் கூடாது. முதல் வகையை வாங்கும்போது "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததுதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஐ.எஸ். 2096 என்றிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் தட்டை ஷீட்டு, தொடாமல் வந்துவிடுங்கள். வெறும் தலையாட்டலை நம்பாமல் பில்லிலும் எழுதி வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டுமே!

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். வேலை மேஜை ஒட்டின 18 அடி நீளச் சுவருக்குச் சிமெண்டுப் பலகை. நாலடி அகலத்தில் நாலரை பலகை கணக்கு, ஐந்து வாங்கினோம். வார்னிஷ் காயவைக்கிற மூலையும் அதில்தான் வருகிறது. சாமான் தொங்குகிற 10 அடிச் சுவருக்கு மட்டும் பிளைவுட். மரரீப்பர் வேண்டாம், கரையான் ஏறும் என்று ஜி.ஐ. சேனலில் ஃப்ரேம், சேனலுக்குச் சேனல் 16 அங்குலம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் இடைவெளி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே. அந்த இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுப் பட்டி போட்டுவிட்டால் தரையைத் தைரியமாகக் கழுவலாம். வயர்களைப் பலகைக்குப் பின்னால் அப்படியே விடாமல் பைப்பில் விட்டு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொன்னேன். பெயிண்ட் வெளிர் நிறம். மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. என் கணவருக்குத் தேக்கு நிற மைக்கா ஒட்ட ஆசை. ஒர்க்‌ஷாப்புக்கு எதற்குக் கல்யாண மண்டப ஜோடனை?

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்டுப் பலகையானாலும் மெஷினில் அறுத்தால் கிளம்புகிற தூளில் சிலிக்கா இருக்கும். அதுவும் நுரையீரலுக்குப் பகை. எங்கள் ஆசாரி வாசல் திண்ணையில் வைத்து அறுக்கப் போனார். "அண்ணா, பின்னாடி தோட்டத்துக்குப் போயிருங்க, தண்ணி ஊத்தி அறுங்க" என்று நானே பக்கத்தில் குடத்தோடு நின்றேன். அவருக்கும் உதவி ஆளுக்கும் என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். முதலில் சிரித்தார், சாயங்காலம் மாஸ்க்கின் வெளிப்பக்கம் சாம்பல் பூத்திருந்ததைப் பார்த்து, மறுநாள் அவரே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த இரண்டு நாளும் குழந்தை அத்தையோடு முன்கட்டில். வேலைத் துணியை மற்றதோடு சேர்க்காமல், உதறாமல், நேராகத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

இன்னொன்று. பலகை மூடுவதற்கு முன்னால் ஃப்ரேமையும் வயர் பைப்பையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடியில் எந்தப் பைப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, ஸ்விட்ச் போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வந்த பையன் அதைப் பார்த்துத்தான் துளை போட்டான்.