துண்டுல பால் வாசனை

என் தோள்ல கிடக்கற துண்டை இப்பல்லாம் யாரும் வாங்கி முகம் துடைக்கறதில்ல. புளிச்ச பால் நாத்தம். பேத்தி பொறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். பால் குடிச்சு அரை மணி நேரம் ஆகாது, வாயோரமா ஒழுகும். சில நேரம் மூக்கு வழியாவும் வந்துடும். கக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பா.

அப்ப அவளுக்கு ரெண்டு மாசம். எங்க அம்மா, "கக்கின பிள்ளை தக்கும்டா, சும்மா இரு"ன்னுட்டாங்க. எங்க வீட்டம்மா ஒத்துக்கல. "தொக்கம் இருக்கும், எடுத்துட்டா சரியாயிடும்"னு ஆரம்பிச்சா. பட்டணத்துல இருக்கற உங்கள்ல சில பேருக்குத் தொக்கம்னா தெரியாம இருக்கலாம். குழந்தை எதையோ முழுங்கி, அது உள்ளே ஒட்டிக்கிட்டதாலதான் கக்குதுன்னு ஒரு நம்பிக்கை. அதை எடுக்கறதுக்குன்னே ஆள் உண்டு. வாயில ஊதுவாங்க, வயித்தைத் தடவுவாங்க, கடைசியா ஒரு துணுக்கை எடுத்து உள்ளங்கையில காட்டுவாங்க.

நான் முடியவே முடியாதுன்னு கத்திட்டேன். மக பயந்துட்டா. இந்த மனுசன் எதுக்கு இப்படிக் குதிக்கறாருன்னு வீட்டம்மாவுக்கும் கோவம்.

1999-ல எங்களுக்கு விழுப்புரம் மாவட்டம். தம்பிக்குத் தலைச்சன் பையன் பொறந்திருந்தான். மூணு வாரத்துல கக்க ஆரம்பிச்சான். ஒழுகல, பீச்சாங்குழல்ல அடிச்ச மாதிரி எட்டப் போய் விழுந்துச்சு. கக்கின கையோட பசிச்சு அழுவான், குடிப்பான், மறுபடியும் பீச்சி அடிப்பான். வீட்டுக்குப் பெரியவன் நான். நான்தான் தொக்கம் எடுக்கத் தூக்கிட்டுப் போனேன், ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை ஒரு சோத்துப் பருக்கையை எடுத்துக் காட்டினாங்க. தாய்ப்பால் தவிர எதுவும் வாயில படாத குழந்தைக்குச் சோறு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குக் கேக்கத் தோணல. காசு குடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.

அப்படியே பன்னெண்டு நாள் போச்சு. உச்சிக்குழி பள்ளமாகி, தொடைத்தோல் சுருங்கிப் போச்சு. தடுப்பூசி போட ஊருக்கு வந்த நர்சம்மா பார்த்துட்டுத் திட்டின திட்டுல, அன்னிக்கே பாண்டிச்சேரி ஜிப்மருக்கு ஓடினோம். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வாசல்ல தசை தடிச்சு அடைச்சிருக்குன்னாங்க. பொறந்து சில வாரத்துல வர்ற கோளாறு, ஆம்பளப் பசங்களுக்குத்தான் அதிகமாம். முதல்ல டிரிப்ஸ் ஏத்தித் தேத்தினாங்க, அப்புறம்தான் ஆபரேஷன். பையன் பொழச்சான். தம்பி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலாம்.

அதனால பேத்தியைக் கள்ளக்குறிச்சிக்கே கொண்டு போனோம். மாவட்டம் 2019-ல தனியா பிரிஞ்ச பிறகு, இப்ப சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. வரிசையில எங்களுக்கு முன்னாடி வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தையோட. கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடிச்சு இறங்கி வந்திருக்கு. ஒரு நாள் கூலி போச்சுன்னு சொல்லுச்சு. தொக்கம் எடுக்கறவங்க பக்கத்துத் தெருவுலயே இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வேணும். வெறும் அறியாமைன்னு பேசறவங்க அந்த பஸ்ஸுல ஒரு தடவை வந்து பார்க்கணும்.

டாக்டரம்மா சின்ன வயசு. குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி எடை போட்ட அட்டையைத்தான் கேட்டாங்க. பொறக்கும்போது 2.8 கிலோ, இப்ப 4.5. "எடை ஏறுது, நல்லா ஒண்ணுக்குப் போறா, சிரிக்கறா. அப்புறம் என்னங்கய்யா?"ன்னாங்க. உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல ஒரு தசை வளையம் இருக்காம். கைக்குழந்தைக்கு அது இன்னும் இறுகல. போதாததுக்கு முழுக்கப் பால்தான் ஆகாரம், பாதி நேரம் படுத்த வாக்குல. எதுக்களிச்சு மேல வந்துடுது. எனக்குக் கிணத்து மோட்டார்தான் ஞாபகம் வந்துச்சு. ஃபுட் வால்வு சரியா மூடலைன்னா ஏத்தின தண்ணி கீழ இறங்கிடும். இங்கே தலைகீழ், கீழே போனது மேல வருது. நம்ம வால்வு நாளாக நாளாகத் தேயும், இது நாளாக நாளாக இறுகும். நாலு மாசம் வாக்குல கக்கறது கூடுதலா இருக்கும், உட்கார ஆரம்பிச்சதும் குறையும், ஒரு வயசுல பெரும்பாலும் நின்னுடும்னாங்க.

செய்யச் சொன்னது கொஞ்சம்தான். ஒரேயடியா குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பால். குடிச்சதும் தோள்ல நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விட வச்சு, இருபது முப்பது நிமிசம் அப்படியே வச்சிருக்கறது. உடனே தூளியில போட்டா வயிறு மடங்கும், வேணாம். அரைஞாண் கயிறு இறுக்கமா இருந்துச்சு, அங்கேயே தளர்த்தினாங்க. தூங்க வைக்கறது மல்லாக்க, சமதரையில. கக்குதேன்னு குப்புறப் போடவோ தலைகாணி வச்சு உயர்த்தவோ கூடாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னதும், வசம்பு உரைக்கற கல்லு பரணுக்குப் போயிடுச்சு.

எப்ப ஓடி வரணும்னு கேட்டேன். பச்சையாவோ ரத்தமாவோ கக்கினா, ஒவ்வொரு தடவையும் பீச்சி அடிச்சா, பால் குடிக்க மறுத்தா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, மூச்சு திணறினா, காய்ச்சலோட சோர்ந்து கிடந்தா, எடை ஏறாம நின்னா. பீச்சி அடிக்கறதைச் சொன்னப்ப நான் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

வெளியே வந்ததும் எங்க வீட்டம்மா, "இவ்ளோ தூரம் வந்து ஒரு சொட்டு மருந்து எழுதலியே!"ன்னா. வீட்டுக்கு வந்து ஒரு கரண்டிப் பாலைத் துண்டுல ஊத்திக் காட்டினேன். பரவி உள்ளங்கை அகலத்துக்கு நின்னுச்சு. "இவ்ளோதானா கக்கறா?"ன்னு அதுக்கப்புறம்தான் அடங்கினா.

பொங்கலுக்குத் தம்பி மகன் வந்திருந்தான். நெல் அறுக்கற மிஷின் ஓட்டறான். தங்கச்சி மகளைத் தூக்கிக் கொஞ்சினான், சட்டை பூரா கக்கி வச்சுட்டா. கழட்டிக் கிணத்தடியில அலசினான். வயித்துல அந்தத் தழும்பு, அவன் வளர்ந்த அளவுக்கு அதுவும் நீண்டிருக்கு. "கக்கின பிள்ளை தக்கும் பெரியப்பா"ன்னு சிரிச்சான். நான் துண்டை எடுத்துக் குடுத்தேன்.