கடன் தீர்ந்த கதை

உத்தியோகத்தின் பொருட்டு மும்பைக்கு வந்த நாங்கள், 2013-இல் டோம்பிவிலியில் சிறு வீடொன்று வாங்க 20 லட்ச ரூபாய் கடன் பெற்றோம். நூற்றுக்குப் பத்து வட்டி, இருபதாண்டுத் தவணை. முதல் மாதம் கட்டிய 19,300 ரூபாயில் 16,667 வட்டிக்கே போயிற்று. அசலில் கழிந்தது 2,633 மட்டுமே! திகைத்துப் போனோம். மாறும் வட்டியில் வீட்டுக் கடன் பெற்றோர் அதனை முன்னரே அடைத்தால் வங்கிகள் அபராதம் பெறலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் விதித்திருந்தது எங்களுக்குத் துணையாயிற்று. ஆண்டுதோறும் தீபாவளி போனஸை அப்படியே அசலுக்குச் செலுத்தினோம். குழந்தைகளும் பட்டாசைக் குறைத்துக்கொண்டனர்.

வேகம் மிகுந்தது. ஒரு கோடையில் ஊர்ப்பயணச் செலவையும் கடனுக்கே கொடுத்துவிட்டோம். கும்பகோணத்தில் அம்மா பேரப்பிள்ளைகளுக்கென்று ஜாடி நிறைய மாவடு போட்டு வைத்திருந்தார். "பரவாயில்லையப்பா, கடன் அடையட்டும், மாவடு கெட்டா போய்விடும்?" என்றார் தொலைபேசியில். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் பயணப் பணத்தை நாங்கள் தொட்டதில்லை. 2025-இல் கடன் தீர்ந்து வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. ஓராண்டு முன்னரே தீர்ந்திருக்கலாம். அதற்காக நாங்கள் வருந்தவில்லை. அன்பர்களே, தவணை போக மிஞ்சுவதைக் கடனுக்குக் கொடுங்கள். ஊருக்குரியதை மட்டும் கொடாதீர்கள்.